சோத்தாங்கை

அக்டோபர் 6, திங்கள்

வார்டில் ஷிப்ட் முடியும்போது அடுத்து வருபவளுக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடவில்லை, யார் சும்மா சும்மா பெல் அடிக்கிறார்கள் என்று. வீட்டில் அப்படி ரிப்போர்ட் வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது. இங்கே ஒரே ஷிப்ட்தான், அது முடிவதே இல்லை. ஆகவே எழுதி வைக்கிறேன்.

ஜோயல், பதிமூன்று மாதம்: சளி, மூக்கொழுகல், கடைவாய்ப் பல் வருகிறது, கையைவிட்டு இறங்க மாட்டான். அக்சா, நாலு வயது: உடம்புக்கு ஒன்றுமில்லை, வாய்தான். எட்வின், அதாவது இவர்: பார்சல் கிடங்கில் நைட் டூட்டி, பகலில் சின்னவனோடு டூட்டி, தூக்கம் இல்லை. லிஜி, அதாவது நான்: மேலே சொன்னதெல்லாம்.

இன்று காலையில் சாக்ஸின் தையல் விரலில் உரசுகிறது என்று அக்சா தரையில் உருண்டு கத்தினாள். கஸ்ஸல் நகரம் முழுக்கக் கேட்டிருக்கும். கீழ் வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையில் தட்டினார். எனக்கு ஆறே காலுக்கு டிராம். "இப்பிடிக் கெடந்து கத்துனா ஒன்ன ஊருக்கு அனுப்பிருவேன் பாத்துக்க. பெரியம்மா கூடப் போய்க் கெட" என்றேன். சின்ன வயதில் எங்கள் அம்மா போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று மிரட்டுவாள். இந்த ஜெர்மனியில் பிள்ளைகளிடம் போலீஸ் பேச்சை எடுக்க முடியாது, அது உண்மையாகவே வந்துவிடும். ஊர்தான் நமக்குப் போலீஸ்.

பயந்தாள். இடது கால் சாக்ஸைப் போட்டுக்கொண்டாள். வலது காலுக்கு மறுபடி கத்தினாள்.

அக்டோபர் 9, வியாழன்

இவர் சின்னவனைத் தள்ளுவண்டியில் வைத்து டாக்டரிடம் போய்விட்டு டிராமில் வரும்போது உறங்கிவிட்டார். நம் நிறுத்தம் தாண்டி, கடைசி நிறுத்தமும் வந்து, ஓட்டுநர் வந்து தோளைத் தட்டி எழுப்பினாராம். வண்டியில் பிள்ளை முழித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்திருக்கிறான். தள்ளுவண்டியின் பிரேக் போடவே இல்லை.

இதை அவர் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன். பிறகு பாத்திரம் கழுவும்போது ஒரு கண்ணாடி டம்ளர் கைதவறிப் போயிற்று.

அக்டோபர் 12, ஞாயிறு

முடிவு எடுத்தாயிற்று. சின்னவனை ஊருக்கு அனுப்புகிறோம்.

இங்கே மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அடுத்த ஆகஸ்டில்தான் கிடைக்கும் என்று கையை விரித்துவிட்டார்கள். அதுவரை இவர் இப்படி மெழுகுதிரி மாதிரி இரண்டு பக்கமும் எரிந்தால் ஒருநாள் டிராம் இல்லை, வேறு எதிலாவது போய் நிற்பார். எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நம் ஊர் நர்சுகளில் மூன்று பேர் பிள்ளையை ஊரில் விட்டிருக்கிறார்கள். யாரும் அதைத் தப்பாகப் பேசுவதில்லை. "ஊர்ல நிக்கான்" என்பார்கள், ஏதோ பிள்ளை தானாக நடந்து போய் நின்றது மாதிரி.

ஊரில், கருங்கலில், என் அக்கா கிளாடிஸ் இருக்கிறாள். கல்யாணமாகிப் பதினாறு வருடம், பிள்ளை இல்லை. போனில் சொன்னதும் அத்தானைக் கூவிக் கூப்பிட்டாள். பிறகு, "நீ ஒண்ணும் யோசிக்காத பிள்ளே. என் கண்ணு போலப் பாப்பேன். நாளைக்கே தொட்டில் வாங்கிப் போடுகேன்" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

எங்கள் வார்டு ஷெர்லின் நவம்பர் 15 சனிக்கிழமை லீவுக்கு ஊருக்குப் போகிறாள். அவள் மடியில் உட்காரவைத்துக் கொண்டுபோய்விடுவாள். அடுத்த ஆகஸ்டில் நான் போய்க் கூட்டி வருவேன். இவரிடம் கேட்டேன். "ஒனக்கு எது சரின்னு படுகோ அதச் செய்யி" என்றார். இது சம்மதமா, கைகழுவுவதா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

பேசி முடித்துப் பார்த்தால் அக்சா மேசைக்கடியில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எப்போது அங்கே போனாளோ.

அக்டோபர் 13, திங்கள்

அக்சா தானாகவே சாக்ஸ் போட்டுக்கொண்டாள். இரண்டு காலிலும். ஒரு சத்தம் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அக்டோபர் 17, வெள்ளி

பால் மறக்கடிக்க வேண்டும். ஊரில் என்றால் சென்னிநாயகம் இழைத்துத் தடவுவார்கள், அந்தக் கசப்புக்குப் பிள்ளை திரும்பிப் பார்க்காது. இங்கே அதற்கு எங்கே போக? ஆசியக் கடையில் உறையவைத்த பாகற்காய் வாங்கி அரைத்துப் பூசினேன். சின்னவன் வாயை வைத்தான். முகம் சுளித்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கசப்போடு சேர்த்தே குடித்தான்.

மாமியார் வீட்டு ரத்தம். அவர்கள் பாகற்காயைப் பச்சையாகவே தின்பார்கள் என்று இவரிடம் சொல்லிச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

அக்சா: தட்டில் போட்ட உப்புமாவை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். உப்புமா! கடுகைக்கூடப் பொறுக்கி ஒதுக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

ஷெர்லின் தினமும் டூட்டி முடித்து வருகிறாள். சின்னவன் அவளிடம் பழக வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தில் கூட்டத்தைக் கூட்டிவிடுவான். இருபத்தாறு வயதுப் பெண், கல்யாணம் ஆகவில்லை, ஆனால் பிள்ளையை இடுப்பில் வைக்கத் தெரிந்திருக்கிறது. திட்டம் என்னவென்றால், அவள் வந்ததும் நான் கண்ணில் படக்கூடாது. பட்டால் என்னிடம் தாவிவிடுவான். ஆகவே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதையும் அங்கே இருந்துதான் எழுதுகிறேன். வாஷிங் மெஷினின் மேல் வைத்து.

வெளியே சின்னவன் அழுகிறான். ஷெர்லின் பாடுகிறாள். அவளுக்குச் சுருதி சேராது. அழுகை குறைகிறது.

திட்டப்படி நடக்கிறது.

அக்டோபர் 25, சனி

இன்று அக்சாவை அடித்துவிட்டேன். சின்னவன் பல்வலியில் அழுதுகொண்டிருந்தான். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், இவள் அவன்மேல் கவிழ்ந்து உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். அவன் முகம் சிவந்துவிட்டது. ஓடிப் போய் இவளை இழுத்து முதுகில் ஒன்று வைத்தேன்.

"என்னடி செய்யுக? பிள்ளைக்கு மூச்சு முட்டாதா?"

"அவன் அழுகான்" என்றாள்.

"அழுதா ஒனக்கென்ன? நீ அழலியா இந்த வயசுல?"

அடி வாங்கியும் அழவில்லை, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நின்றாள். தம்பிமேல் பொறாமை, எல்லா வீட்டிலும் உள்ளதுதான் என்றாள் ஷெர்லின். அவன் போன பிறகு சரியாகிவிடும்.

அக்டோபர் 29, புதன்

கிண்டர்கார்டன் டீச்சர் என்னை நிறுத்திப் பேசினார். போன மாதம் அவர் நிறுத்திப் பேசினால் புகாராகத்தான் இருக்கும்: யாரையோ கடித்தாள், எதையோ வீசினாள். இன்று, "அக்சா எவ்வளவு அமைதியாகிவிட்டாள்! மற்றப் பிள்ளைகளுக்குப் பொம்மையை விட்டுக்கொடுக்கிறாள்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரும் வழியில் அவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், குளிர் இரண்டு டிகிரி. "வேண்டாம், தம்பிக்குக் குடுங்க" என்றாள். நாலு வயசு!

வீட்டில் ஹீட்டருக்குப் பின்னால் கை விட்டால் ஈரமான உள்ளாடை ஒன்று சுருட்டி வைத்திருக்கிறது. இரவில் நனைத்துவிட்டுத் தானே மாற்றிக்கொண்டிருக்கிறாள். பெரிய பிள்ளை ஆகிறாள், வெட்கம் வந்துவிட்டது. நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

அக்காவோடு வீடியோ கால். தொட்டில் காட்டினாள், தேக்கில் செய்தது. அறைக்கு வெள்ளையடித்து, கொசுவலை கட்டி, சன்னலுக்குக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். அத்தான் பின்னால் நின்று பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுகிற ஏத்தங்காய்ப் பொடி டப்பாவைத் தூக்கிக் காட்டினார். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம்.

"அக்சா எங்க? பெரியம்மாட்ட பேசச் சொல்லு" என்றாள் அக்கா. கூப்பிட்டால் அலமாரிக்குள் போய் ஒளிந்துகொண்டாள். முன்பெல்லாம் போனைப் பிடுங்கிப் பேசுகிறவள். "அவளுக்கு இப்ப வெக்கம் அக்கா" என்று சமாளித்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டு, பெரியவர்கள் பேசும்போது இப்படி ஒளியக்கூடாது என்று சொன்னேன். "சரி அம்மா" என்றாள். என்ன சொன்னாலும் இப்போது "சரி அம்மா"தான்.

நவம்பர் 6, வியாழன்

காலை டூட்டி, இருபத்தெட்டு நோயாளி, இரண்டு நர்ஸ். வேறு எழுத ஒன்றுமில்லை. அக்சா பிரச்சினை இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலில் ஞாயிறு ஆராதனை முடித்து வரும்போது ஷெர்லின் வாசலில் நின்றாள். சின்னவன் என் இடுப்பில் இருந்தான். அவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டித் தாவினான். என் தோளைக் காலால் உந்தித் தள்ளிவிட்டுப் போனான்.

"பாத்தியளா சேச்சி, பழகிட்டான்!" என்றாள் ஷெர்லின். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதுதானே வேண்டியது. இதற்குத்தானே மூன்று வாரமாகக் குளியலறையில் உட்கார்ந்தேன். ரொம்ப நல்லது என்று சொன்னேன். மத்தியானம் பால் கட்டி மார்பு கல் மாதிரி ஆயிற்று. முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டினேன். காய்ச்சல் முப்பத்தெட்டரை. இவர் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கட்டிலருகே உட்கார்ந்து, "லிஜி" என்றார். என்ன என்றேன். "ஒண்ணும் இல்ல, குடி" என்றார்.

நவம்பர் 13, வியாழன்

சின்னவன் பெட்டி கட்டியாயிற்று. ஸ்வெட்டர் எதுவும் வேண்டாம், கருங்கலில் என்னத்துக்கு? எல்லாக் குளிர் துணியையும் அலமாரியில் திருப்பி அடுக்கினேன். அடுத்த ஆகஸ்டில் வரும்போது இதில் ஒன்றும் சேராது என்பது அடுக்கி முடித்த பிறகுதான் உறைத்தது.

ராத்திரிச் சாப்பாடு சோறு, மோரில் வைத்த புளிசேரி, பப்படம். அக்சா இடது கையால் சோற்றைப் பிசைந்தாள். இந்த ஜெர்மன் பிள்ளைகளோடு சேர்ந்து இது ஒரு புதுப் பழக்கம். எனக்கு எரிச்சல். "என்ன அக்சா இது, பீச்சாங்கையால தின்னுக? சோத்தாங்கையால சாப்பிடு" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். "சரி அம்மா" என்றாள். வலது கையை எடுத்துத் தட்டில் வைத்து, ஒவ்வொரு பருக்கையாக எடுத்த மாதிரி சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிக்க ஒரு யுகம் ஆயிற்று. நெற்றியில் வியர்வை. புளிசேரி எரிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, நல்லா இருக்கு என்றாள்.

நவம்பர் 14, வெள்ளி

அக்சா ராத்திரியும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்றாள். குளிருகிறதாம். சரி என்று விட்டுவிட்டேன். நாளைக்குக் காலையில் எல்லாரும் பிராங்க்பர்ட் போக வேண்டும், குளிக்கவைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 15, சனி

வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன்.

ஒன்பது மணிக்கு ரயில். ஏழு மணிக்கு அக்சாவைக் குளிக்கவைக்க ஸ்வெட்டரைக் கழற்றினேன். வலது கை துணியில் மாட்டியபோது அவள் உடம்பு விறைத்தது. சத்தம் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே வீங்கி, நீலமும் மஞ்சளும் கலந்து கிடந்தது. மஞ்சள் நிறம் என்றால் அது இன்றைக்குப் பட்ட அடி இல்லை. இது எனக்குத் தெரியும், இதற்குத்தான் எனக்குச் சம்பளம். விரல் நுனியால் தொட்டேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, உதடு மட்டும் பிரியவில்லை.

"எப்ப மக்ளே விழுந்த?"

"ஏணி வச்ச சறுக்குல. நேத்தைக்கு முந்தின நாள்."

வியாழக்கிழமை. கிண்டர்கார்டனிலும் யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை ராத்திரிதான் நான் அந்தக் கையால் சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டாள்.

இவர் சின்னவனோடும் ஷெர்லினோடும் ரயிலுக்குப் போனார், நான் அக்சாவைக் கூட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போனேன். ஸ்டேஷன் போகிற டாக்சியில் ஏறும்போது சின்னவனுக்கு ஒழுங்காக ஒரு முத்தம்கூடக் கொடுக்கவில்லை. குல்லாயை மட்டும் காது வரைக்கும் இழுத்துவிட்டேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிந்து விலகவில்லை, மடிந்திருக்கிறது. டாக்டர் நரைத்த தலை அம்மாள், ஸ்டெதஸ்கோப்பில் ஒரு சின்னக் கரடி தொங்கியது. அக்சாவின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, மெதுவாக ஜெர்மனில் கேட்டார்.

"ரொம்ப வலித்ததா?"

"ஆமாம்."

"அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை?"

அக்சா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். அவளுக்கு ஜெர்மன் என்னைவிட நன்றாக வரும். தெளிவாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்:

"அழுகிற பிள்ளைகளை இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். என் தம்பி இன்றைக்குப் போகிறான். அவன் ரொம்ப அழுதான். அழாதே என்று நான் சொன்னேன். வாயைக்கூடப் பொத்தினேன். அவன் சின்னவன், அவனுக்குப் புரியவில்லை."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. அப்படிப் பார்த்திருந்தால் எனக்குப் பேச வந்திருக்கும். ஏழு வருடம் படித்த ஜெர்மன் ஒரு சொல் மிச்சமில்லாமல் போயிற்று. நர்சிங் படிக்கிற காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, சத்தமில்லாமல் கிடக்கிறவனை முதலில் போய்ப் பார் என்பது. வார்டில் பதினான்கு வருடமாக அதைச் செய்கிறேன். வீட்டில் ஒரு மாதமாகச் சத்தமில்லாமல் ஒன்று கிடந்தது. நான் அதற்கு ஸ்தோத்திரம் எழுதியிருக்கிறேன்.

கட்டுப் போட அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். நான் வராந்தாவில் நின்று இவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்.

"எங்க நிக்கிய?"

"செக்கின் வரிசையில. முன்னால ரெண்டு பேரு நிக்காவ. பிள்ளைக்கு எப்பிடி இருக்கு?"

"ஜோயல் எங்க?"

"ஷெர்லின் கிட்ட இருக்கான். பாஸ்போர்ட்டும் சம்மதக் கடுதாசியும் குடுத்தாச்சு."

"அவனை வாங்குங்க. வாங்கிட்டு வீட்டுக்கு வாங்க."

"ஷெர்லின், பிள்ளையத் தா" என்று அந்தப் பக்கம் கேட்டது.

"சரி" என்றார்.

"ஏன்னு கேக்கலியா?"

"அதெல்லாம் வந்து கேக்கேன். நீ மனச மாத்துகதுக்குள்ள நான் இந்த வரிசைய விட்டு வெளிய போணும்" என்றார். குரல் உடைந்துவிட்டது. பதினோரு வருடக் கல்யாணத்தில் இவர் அழுது நான் கேட்டதில்லை. இத்தனை நாளும் நான் கேட்க வேண்டும் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறார் இந்த மனுசன். வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

சாயந்தரம் ஆறு மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். சின்னவன் உறங்கிக்கொண்டிருந்தான். அக்சா கட்டுப் போட்ட கையோடு அருகே போய்ப் பார்த்தாள்.

"விமானம் இல்லையா?"

"விமானம் இருக்கு. தம்பி போகல. யாரும் எங்கயும் போகல. நீ அழுதாலும் போகாண்டாம், அழாட்டாலும் போகாண்டாம். அம்மா சொன்னது பொய். அம்மா தப்பாச் சொல்லிட்டேன் மக்ளே."

"சரி அம்மா" என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். நேற்றே அத்தான் திருவனந்தபுரத்துக்கு வாடகைக் கார் சொல்லி வைத்திருந்தாராம். நேற்று ஒரு வரிதான் அனுப்பினேன், வரவில்லை என்று. இன்று காரணத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டாள். "அக்சா கை எப்பிடி இருக்கு?" என்றாள். "சரி பிள்ளே. உன் பிள்ள ஒங்கிட்ட இருக்கதுதான் நியாயம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு ஒரு பிள்ளையைக் காட்டிப் பறித்துக்கொண்டேன். இது பாவம்தான், வேறு பேர் சொல்ல வரவில்லை.

நவம்பர் 20, வியாழன்

ஹெட் நர்சிடம் பேசினேன். டிசம்பரிலிருந்து பாதி நேரம், அதுவும் சனி ஞாயிறாகப் பார்த்து. வார நாளில் நான் பிள்ளைகளோடு, இவர் பகலில் உறங்கலாம். சனி ஞாயிறில் இவர் பிள்ளைகளோடு, நான் வார்டில். நாங்கள் இரண்டு பேரும் முழித்திருக்கும்போது ஒருவரையொருவர் பார்ப்பது இனி கதவருகில்தான். சம்பளம் பாதியானாலும் வீட்டை மாற்ற வேண்டாம், வாங்க நினைத்திருந்த காரை மறந்துவிட வேண்டியதுதான். இன்று எனக்கு லீவு, இவர் பகலில் உறங்கிய உறக்கத்தில் சுவர் அதிர்ந்தது. அக்சா முன்பெல்லாம் அந்தக் குறட்டையைக் கேட்டுச் சிரிப்பாள். இன்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

நவம்பர் 27, வியாழன்

யாரும் போக வேண்டாம் என்று தினமும் சொல்கிறேன். தினமும் "சரி அம்மா" என்கிறாள். நான் சொல்வதை அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? மிரட்டியது விளையாட்டுக்கு என்றால், பெட்டி கட்டியது என்ன விளையாட்டு?

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஸ்பூன் பிடித்து, தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிடுகிறாள். தம்பி தலைமயிரைப் பிடித்து இழுத்தால் மெதுவாக விரலைப் பிரித்து எடுக்கிறாள். என்னிடம் ஏதாவது கேட்பதற்கு முன்னால் என் முகத்தைப் படிக்கிறாள். புது வேலைக்கு வந்த பெண் மேடம் முகத்தைப் பார்க்கிற மாதிரி. என் வீட்டில், என் பிள்ளை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழ மாட்டேன் என்று இருக்கிற பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கையைப் பார்த்த டாக்டர் ஒரு மனநல ஆலோசகரின் எண்ணைக் கொடுத்தார், ஜனவரியில் தேதி கிடைத்திருக்கிறது. "நாள் எடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள், சும்மா பக்கத்தில் இருங்கள்" என்றார். சும்மா இருப்பதுதானே எனக்கு வராத வேலை.

டிசம்பர் 5, வெள்ளி

சின்னவன் இரண்டு அடி நடந்தான், என்னைப் பார்த்து. ஷெர்லின் ஊரிலிருந்து வீடியோவில் பார்த்துக் கூவினாள். அக்சா கை தட்டினாள், ஒரு கையால் தொடையில்.

டிசம்பர் 12, வெள்ளி

கட்டுப் பிரித்தாயிற்று. எலும்பு சேர்ந்துவிட்டது. கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிட்டேன். வலிக்குதா என்றேன். இல்லை என்றாள். வலித்தால் சொல்லணும் என்றேன். சரி அம்மா என்றாள்.

டிசம்பர் 17, புதன்

காலையில் தோசை ஊற்றினேன். நேற்று அரைத்த மாவு இந்தக் குளிரில் சரியாகப் பொங்கவில்லை. கல்லில் ஒட்டிக்கொண்டது. அக்சாவுக்குப் போட்டதைத் திருப்பும்போது நடுவில் கிழிந்து இரண்டாகப் போயிற்று. அப்படியே மடித்துத் தட்டில் போட்டேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் கரண்டியோடு அடுத்த மாவை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கிழிஞ்சிருக்கு" என்றாள்.

"மாவு சரியில்ல மக்ளே. ருசி ஒண்ணுதான்."

"கிழிஞ்சிருக்கு. எனக்கு வட்டமா வேணும்."

"சரி, அடுத்தது வட்டமா..."

அடுத்ததும் கிழிந்தது. அவள் உதடு உள்ளே மடிந்தது. அந்த மடிப்பை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு, எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அது தானாக விரிந்தது. நாற்காலியிலிருந்து வழுக்கித் தரைக்கு இறங்கினாள். மல்லாந்து படுத்தாள். காலை உதைத்தாள். "வட்ட்டமா வேணும்ம்" என்று ஆரம்பித்தது, பிறகு வார்த்தையே இல்லாமல் ஒரே கத்தல். முகம் சிவந்து, மூக்கொழுகி, மெலிந்த அந்தக் கையால் தரையை அடித்து அடித்துக் கத்தினாள். தோசைக்கு இவ்வளவு அழ முடியாது. எதற்கு எதற்கெல்லாமோ சேர்த்து அழுதாள். அதைக் கேட்டுச் சின்னவனும் ஆரம்பித்தான். பகல் உறக்கத்திலிருந்து இவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு என்னமோ ஏதோ என்று ஓடி வந்து வாசலில் நின்றார். நான் கையைக் காட்டினேன், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று. இவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே நிலையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கீழ் வீட்டு அம்மாள் கூரையில் தட்ட ஆரம்பித்தார். தட்டட்டும்.

அடுப்பை அணைத்துவிட்டு நானும் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னையும் உதைத்தாள். முழங்காலில் நல்ல பலமான உதை.